ஏற்றத்தில் மட்டும் வெற்றிலை

எங்கள் ரப்பர் தோட்டத்தின் மேல் டிவிஷனுக்கு ஆட்டோ ஓட்டிய அண்ணன் வெற்றிலை போடுகிறவர் அல்ல. கல்யாண வீட்டில் தாம்பூலத் தட்டை நீட்டினால் ஒரு பாக்கை மட்டும் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நகர்ந்துவிடுவார். சோறு தின்ற பிறகும் போடமாட்டார். தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் அவர் வயதுக்காரர்களில் வெள்ளைப் பல் உள்ளவர் அவர் ஒருவர்தான்.

ஆனால் அவருடைய ஆட்டோவின் கைப்பிடியில் ஒரு பிளாஸ்டிக் பை தொங்கும். அதில் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு டப்பா எல்லாம் இருக்கும். பாதையில் ரப்பர் ஷீட் உலர்த்திய பழைய புகைக்கூடத்துக்கு அருகே ஒரு வளைவு உண்டு, டவுனுக்கு இறங்கும்போதும் அங்கே மட்டும் ஒரு மேடு ஏற வேண்டும். மழைக்காலத்தில் அங்கே சக்கரம் சுற்றுமே தவிர வண்டி நகராது. எல்லோரும் இறங்கித் தள்ளுவோம், அவரும் ஒரு கையால் ஹாண்டிலைப் பிடித்தபடி தள்ளுவார். மேடு ஏறியதும் வண்டியை ஓரங்கட்டி அந்தப் பையைத் திறப்பார். முதலில் எதையோ எடுத்து வாயில் போடுவார். பிறகு வெற்றிலையில் பாதியைக் கிழித்து, சுண்ணாம்பு தடவி, கன்னத்தில் அதக்கிக்கொள்வார். மெல்லமாட்டார். வாயை மூடிக்கொண்டு கீழே தெரியும் பள்ளத்தைப் பார்த்தபடி இருப்பார். சற்று நேரம் கழித்து எல்லாவற்றையும் ஓரத்தில் துப்பிவிட்டு வண்டியை எடுப்பார்.

வாய் மூடி இருக்கும் அந்தச் சில நிமிடங்கள்தான் அவரிடம் விசித்திரம். ஏனென்றால் மற்ற நேரமெல்லாம் அவர் பேசுவார். எஞ்சின் கிளம்பும் முன்பே பேச்சு கிளம்பிவிடும். முன்னால் போகும் நாயோடு பேசுவார், கீழ்க்கடை முதலாளியோடு சிங்களத்தில் பேசுவார், யாரும் இல்லாவிட்டால் பிரேக்கோடு பேசுவார். ஒருமுறை கித்துல்கலவில் படகு விடப் போகிறவர்களின் ஜீப் ஒன்று வழி தவறி எங்கள் பாதையில் ஏறிவிட்டது. ஆறு எந்தப் பக்கம் என்று அதன் டிரைவர் கேட்டார். இந்தப் பக்கம் படகு விடுவதென்றால் ரப்பர் பாலில்தான் விட வேண்டும் என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு, தானே முன்னால் போய் மெயின் ரோடு வரை கொண்டுபோய் விட்டார். அந்தக் கதையை ஒரு மாதம் சொன்னார்.

அப்படிப்பட்டவர் திடீரென்று பேச்சை நிறுத்தி வெற்றிலைப் பையைத் திறந்தால் பின்சீட்டில் கேலி ஆரம்பமாகும். ரப்பர் பால் வெட்டும் பெண் ஒருத்தி ஒருநாள் அவர் காதுபடச் சொன்னாள்:

"பொஞ்சாதிக்குப் பூ வாங்க நிறுத்தாத மனுசன், வெத்தலைக்கு மட்டும் நடுக்காட்டுல நிறுத்துறாரு பாரு."

அவர் வாயைத் திறக்காமல் கையை மட்டும் ஆட்டினார். பின்சீட்டு சிரித்தது. எங்கள் ஊரில் வாய் மூடியிருக்கும் மனிதனைப் பார்த்தால் வாயில் வெற்றிலை இருக்கிறது என்றுதான் நினைப்பார்கள். யாரும் பதில் எதிர்பார்க்கமாட்டார்கள். அவர் அதை நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார்.

நான் அப்போது தினமும் காலையில் அவருடைய ஆட்டோவில் கீழே தெஹியோவிட்ட டவுனுக்கு இறங்கி அவிசாவளை பஸ் பிடிப்பேன். பின்சீட்டைப் பெண்களுக்கு விட்டுவிட்டு அவர் பக்கத்தில் பாதி உடம்பு வெளியே இருக்க ஒட்டிக்கொண்டு போவேன். அதனால்தான் அவருடைய மனைவி என்னிடம் சொன்னார் என்று நினைக்கிறேன். அண்ணியும் பால் வெட்டுகிறவர்தான். அதிகம் பேசாதவர். ஒரு மாலை பீலியில் தண்ணீர் பிடிக்கும் இடத்தில், மற்றவர்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு போகும் வரை காத்திருந்தார்.

"தம்பி, நீங்கதானே தினம் அவரு பக்கத்துல ஒக்காருறீங்க. அவரு பேசாம இருந்தா சும்மா விட்டுறாதீங்க. ஏதாச்சும் கேளுங்க."

பிறகு மீதியையும் சொன்னார். அண்ணனுக்கு நெஞ்சில் அடைப்பு. அவிசாவளை கிளினிக்குக்குப் போகிறார், டவுனுக்குச் சாமான் எடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டு. வலி வந்தால் நாக்குக்கு அடியில் வைக்கச் சொல்லிச் சின்ன மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். வெற்றிலை அதை மறைக்கத்தான். நெஞ்சு வலிக்காரன் ஓட்டும் வண்டியில் பள்ளத்துப் பாதையில் யார் பிள்ளையை ஏற்றி அனுப்புவார்கள் என்று அண்ணி கேட்டார். நியாயமான கேள்வி.

அடுத்த நாள் டவுனில் எல்லோரும் இறங்கிய பிறகு அவரிடமே கேட்டேன். அவர் மறுக்கவில்லை, மனைவியையும் திட்டவில்லை. நெஞ்சைப் பிடித்தால் ஒரு சாண் தூரம்கூட ஓட்டுவதில்லை, வண்டியை நிறுத்திவிட்டுத்தான் மாத்திரையைத் தொடுவேன், அடங்கின பிறகுதான் எடுப்பேன் என்றார். அது உண்மை. எத்தனையோ முறை நான் பார்த்தது. பிறகு அவருடைய வழக்கப்படி அந்த மாத்திரையைப் பற்றியே பேச ஆரம்பித்தார். விழுங்கினால் பிரயோசனமில்லையாம். வயிற்றுக்குப் போய், ஈரல் அதைத் தின்றுவிட்டு மிச்சத்தைத்தான் அனுப்புமாம். நாக்குக்கு அடியில் இருக்கும் தோல் மெல்லியது, அங்கே வைத்தால் நேரே இரத்தத்தில் இறங்கிவிடுமாம்.

"பஸ் ரோட்டுல போனா ஊரெல்லாம் சுத்திக்கிட்டுப் போகணும். இது நம்ம தோட்டத்துக் குறுக்குப் பாதை தம்பி" என்றார்.

மாத்திரையை அவர் எங்கே வைத்திருக்கிறார் என்பதையும் அன்று காட்டினார். கிளினிக்கில் கொடுத்தது ஒரு பழுப்புக் கண்ணாடிப் போத்தல். அதைச் சட்டைப் பையில் வைத்தால் எங்கள் பாதையில் ஒவ்வொரு குழிக்கும் கிலுகிலுவென்று சத்தம் போடும். அந்தச் சத்தம் லயத்தில் எல்லோருக்கும் தெரியும். பென்ஷன் வாங்கிய கங்காணி ஒருவர் அதே போத்தலை இடுப்பில் கட்டிக்கொண்டு திரிந்தவர், அதைக் கையில் பிடித்தபடியே வாசலில் விழுந்து செத்தவர். அதற்குப் பிறகு அந்தப் போத்தல் என்றால் எங்கள் ஆட்களுக்குச் சாவுதான். எனவே அண்ணன் மாத்திரைகளை ஒரு வெள்ளித் தாளில் மடித்து வெற்றிலைக்கும் சுண்ணாம்பு டப்பாவுக்கும் நடுவில் வைத்திருந்தார். போத்தல் வீட்டில் சாமித் தட்டுக்குப் பின்னால் இருந்தது. நல்ல யோசனை என்றுதான் எனக்கும் பட்டது.

அன்றிலிருந்து அந்தப் பயணம் எனக்கு வேறாகிவிட்டது. முன்பு அவருடைய பேச்சு இரைச்சல். இப்போது அதை ஒரு சொல் விடாமல் கேட்டேன். ஒரு வாக்கியத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி விழுந்தாலும் திரும்பிப் பார்ப்பேன். சில நாட்களில் அவர் வெறுமனே மூக்கைச் சொறிந்துகொண்டிருப்பார். சில நாட்களில் மேலுதட்டில் வியர்வை இருக்கும், கை வெற்றிலைப் பைக்குப் போகும். பின்சீட்டில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மடிமேல் மடியாக உட்கார்ந்திருப்பார்கள். கீழே ரப்பர் மரங்களின் உச்சி தெரியும்.

அந்த ஆண்டு மருந்துத் தட்டுப்பாடு. கிளினிக்கில் பாதிதான் கிடைக்கிறது, மீதியை வெளியே வாங்கச் சொல்கிறார்கள், வெளியேயும் இல்லை என்று அண்ணி சொன்னார். அண்ணன் வெள்ளித் தாளில் இருந்ததைச் சிக்கனமாக வைத்துக்கொண்டார். ஆனால் மழை தொடங்கிய பிறகு ஒரு மாத்திரை போதவில்லை. இன்னொன்றும் போட்டார். நிறுத்தும் நேரம் நீண்டது. கன்னத்தில் வெற்றிலையோடு அவர் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, பின்னால் பெண்கள் பேர் பதியும் மஸ்டர் நேரம் போகிறது என்று முணுமுணுப்பார்கள். நோய் கூடுகிறது என்று நினைத்தேன். அவரும் அப்படித்தான் நினைத்தார். ஓட்டுவதை விட்டுவிடுங்கள் என்று சொன்னேன். இந்த மழை முடியட்டும் என்றார்.

மழை முடியவில்லை. ஒரு காலை, நான் ஏறும்போதே பின்சீட்டில் பிள்ளைக் காம்பராவின் ஆயா சாய்ந்து கிடந்தார். பெற்றோர் மலைக்கு வேலைக்குப் போனதும் தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம் அது. மேல் டிவிஷனில் இளவட்டங்களில் பாதிப் பேர் அவர் இடுப்பில் வளர்ந்தவர்கள். பக்கத்தில் அவருடைய மகள், அவிசாவளையில் கார்மெண்ட் வேலைக்குப் போகிறவள், தாயின் நெஞ்சை உள்ளங்கையால் தேய்த்துக்கொண்டிருந்தாள். அண்ணியும் துணைக்கு ஏறியிருந்தார். ஆயாவுக்கும் அதே நோய், அதே மாத்திரை. அவருடைய போத்தல் முந்தின வாரமே காலி.

புகைக்கூட வளைவு வரைதான் வண்டி போனது. மழையில் மண் சரிந்து பாதையில் பாதி மூடியிருந்தது. நானும் அண்ணனும் ஆயாவின் மகளும் இறங்கி வண்டியைத் தூக்காத குறையாகத் தள்ளினோம். மறுபக்கம் போனதும் அண்ணனின் முகம் சாம்பலாக இருந்தது. உள்ளே ஆயா முனகினார். நெஞ்சை அமுக்குகிறது, கை மரத்துப்போகிறது என்றார். மகள் காலிப் போத்தலைத் திறந்து உள்ளே பார்த்தாள். ஏற்கெனவே பலமுறை பார்த்திருப்பாள்.

அண்ணனின் கை வெற்றிலைப் பைக்குப் போனது. பாதியில் நின்றது. அவர் அண்ணியைப் பார்த்தார். அண்ணி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். அதைத் திறந்தால் என்ன ஆகும் என்று எங்கள் மூவருக்கும் தெரியும். அவர் திறந்தார். வெள்ளித் தாளைப் பிரித்து, பின்பக்கம் திரும்பி, மழை படாமல் கையைக் குவித்து நீட்டினார்.

"ஆயா, வாயத் தொறங்க. நாக்க மேல தூக்குங்க. முழுங்கிடாதீங்க, அப்படியே கரையட்டும்."

மகள் அவருடைய விரலைப் பார்த்தாள். "இது யாரோட மாத்திர அண்ணே?"

"என்னோடதுதான்."

அதற்கு மேல் கேட்க நேரமில்லை. மழைச் சத்தத்தில் நாங்கள் ஆயாவின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றோம். கிளினிக் டாக்டர் தனக்குச் சொன்னபடி ஐந்து நிமிடம் பொறுத்து அண்ணன் இன்னொன்று வைத்தார். ஆயா கண்ணைத் திறந்தார். வலி குறையவில்லை. ஆனால் வேறொன்றைச் சொன்னார், குழந்தைகளுக்குக் கஞ்சி ருசி பார்த்தே பழகிய வாயால்.

"எனக்குக் குடுத்தது நாக்குல சுருக்குன்னு குத்தும்பா. இது சும்மா மாவா கரையுது. ஒண்ணுமே இல்ல."

அண்ணன் தாளில் மிச்சமிருந்த மாத்திரை ஒன்றை எடுத்துத் தன் நாக்குக்கு அடியில் வைத்தார். வெற்றிலையை எடுக்கவில்லை. சுண்ணாம்பை எடுக்கவில்லை. வாயை மூடிக் காத்திருந்தார். எத்தனை மாதத்துக்குப் பிறகு அதைத் தனியாக வைத்துப் பார்க்கிறார் என்று எனக்குத் தெரியாது. அவருடைய கண் ஓரிடத்தில் நின்றுவிட்டது.

"எனக்கும் குத்தல தம்பி" என்றார்.

சுண்ணாம்பின் எரிச்சலைத்தான் அவர் இத்தனை நாளும் மாத்திரையின் எரிச்சல் என்று நினைத்துக்கொண்டிருந்தார். அந்த வாயில் மருந்தே இல்லை.

அங்கே போனுக்குச் சிக்னல் இல்லை. வேறு வண்டியும் வராது. எனக்கு ஓட்டத் தெரியாது, பெண்கள் இருவருக்கும் தெரியாது. திரும்பி ஏறவும் முடியாது, சரிந்த மண் பின்னால் கிடந்தது. டவுன் வரை முழுக்க இறக்கம், வளைவுகள். மகள் நேராகவே கேட்டாள், ஓட்டுவீர்களா என்று. அண்ணன் நெஞ்சில் கை வைத்து, யாரோ உள்ளே பேசுவதைக் கேட்பதுபோல் கொஞ்ச நேரம் நின்றார். தள்ளினபோது வந்த வலி உட்கார்ந்ததும் கொஞ்சம் விட்டிருக்கிறது என்றார். பிறகு என்னைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி, தன் காலருகே இருந்த கை பிரேக்கின் மேல் என் கையை எடுத்து வைத்தார்.

"நான் பேசிக்கிட்டே வர்றேன். பேச்சு நின்னா என்னப் பாக்க வேணாம். இதப் புடிச்சு மேல இழுங்க. மலப் பக்கமா ஹாண்டில ஒடிங்க, பள்ளத்துப் பக்கம் இல்ல."

இறங்கினோம். அவர் முதல் கியரை விட்டு மாற்றவில்லை. பேசினார். எந்த வளைவில் எந்த லொறி சரிந்தது, எந்த மரத்தில் யார் தேன் எடுத்தார், கீழ்க்கடை முதலாளியின் மகள் எந்தப் பையனோடு பஸ்ஸில் போகிறாள் என்று எல்லாவற்றையும் பேசினார். குரல் தட்டையாக இருந்தது, பாடம் ஒப்பிப்பதுபோல். ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் மூச்சு வாங்கினார், அந்த மூச்சு எவ்வளவு நீளம் என்று என் கை கணக்குப் பார்த்தது. பின்னால் ஆயாவின் மகள் அம்மா அம்மா என்று அழைத்துக்கொண்டே வந்தாள், அண்ணி ஒரு கையால் ஆயாவையும் மறு கையால் புருசனின் சட்டைக் காலரையும் பிடித்திருந்தார்.

தண்ணீர் பாதையைக் குறுக்கறுக்கும் இடத்தில் அவருடைய பேச்சு நின்றது. நான் பிரேக்கை இழுக்கத் தொடங்கிவிட்டேன்.

"இன்னும் இல்ல தம்பி" என்றார். "தண்ணிக்குள்ள கல்லு இருக்கா பாக்குறேன்."

ஆஸ்பத்திரி வாசலில் ஆயாவைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஆயா பிழைத்தார். மறு ஆண்டு பிள்ளைக் காம்பராவை விட்டு நின்று, மகளோடு அவிசாவளைப் பக்கம் போய்விட்டார். அண்ணன் அதற்குப் பிறகு மேல் டிவிஷனுக்கு ஆள் ஏற்றவில்லை. யாரும் அவரிடம் ஏறமாட்டோம் என்று சொல்லவில்லை. காலையில் ஆட்டோ வாசலில் நிற்கும், ஆட்கள் நடந்து போவார்கள், போகும்போது சுகம் விசாரிப்பார்கள். ஆயாவை இறக்கிக் கொண்டுவந்தவர் என்று எல்லோருக்கும் அவர்மேல் மரியாதை. பிள்ளைகளை மட்டும் யாரும் அவர் வண்டியில் ஏற்றவில்லை. கொஞ்ச நாளில் கோதுமை மா மூட்டை, கேஸ் சிலிண்டர், கோயில் திருவிழாவுக்கு வாழை மரம் என்று சாமான் மட்டும் கொண்டுவர ஆரம்பித்தார். ஏற்றி இறக்க வேறு ஆள். மூட்டையோடு பேசிக்கொண்டு ஓட்டினார். சில ஆண்டுகளுக்குப் பிறகு வீட்டில், பகல் தூக்கத்தில் இறந்துபோனார். சாலையில் இல்லை. அண்ணி அதை எல்லோரிடமும் சொன்னார், வேறு எதையும் சொல்லவில்லை.

ஆனால் அவரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அந்த ஆஸ்பத்திரி பெஞ்சுதான். ஆயாவை உள்ளே கொண்டுபோன பிறகு அவர் வண்டியை ஓரமாக விடப் போனார். ஆயாவின் மகள் நர்ஸின் கையைப் பிடித்து, அம்மாவைப் பார்த்ததுபோல் இந்த அண்ணனையும் பாருங்கள், இவருக்கும் அதுதான் என்று சிங்களத்தில் சொன்னாள். அவரைப் பிடித்துக்கொண்டுவந்து பெஞ்சில் உட்காரவைத்து நெஞ்சில் வயர்களை ஒட்டினார்கள். இளம் டாக்டர் ஒருவர் வெற்றிலைப் பையைக் கொட்டிப் பார்த்தார். வெள்ளித் தாளை முகர்ந்தார். திட்டவில்லை. இந்த மருந்து காற்றில் பறந்துவிடும், கண்ணாடிப் போத்தலில் மூடி இறுக்கமாக இருந்தால்தான் நிற்கும், தாளில் மடித்தால் சில நாளில் வெறும் மாவுதான் மிஞ்சும் என்று சொன்னார். சிங்களத்தில்தான் சொன்னார், அண்ணிக்கும் புரிந்தது. ஒருவருடைய மாத்திரையை இன்னொருவர் வாயில் வைக்கக்கூடாது என்றும் சொன்னார். பிறகு மாத்திரை ஆரம்பித்த புதிதில் தலை வலித்ததா என்று கேட்டார்.

பயங்கரமாக வலித்தது என்றார் அண்ணன். அப்புறம் தானாகவே நின்றுவிட்டதாம். உடம்புக்குப் பழகிவிட்டது என்று சந்தோஷப்பட்டிருக்கிறார். மருந்து வேலை செய்தால் தலை வலிக்கும் என்று டாக்டர் அண்ணியைப் பார்த்துச் சொன்னார்.

புதுப் போத்தல் ஒன்றைத் திறந்து நர்ஸ் அவருடைய நாக்கைத் தூக்கச் சொன்னார். தாடை இறுகியது. கண்ணில் தண்ணீர் முட்டியது. கழுத்து நரம்பு துடிப்பதை நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். அண்ணி அவருக்கு முன்னால் தரையில் குந்தியிருந்தார், பால் வெட்டும் கத்தியின் பிடி தழும்பாக்கிய விரல்களால் அவருடைய முழங்காலைப் பிடித்துக்கொண்டு. கொஞ்ச நேரத்தில் அண்ணனின் நெற்றி சுருங்கியது. இரண்டு கையாலும் தலையைப் பிடித்தார்.

"என்னாங்க, நெஞ்சா?" என்றார் அண்ணி.

"நெஞ்சு விட்டுருச்சு. தலதான். பொளக்குது."

அண்ணி உடனே கையை எடுக்கவில்லை. டாக்டரைத் திரும்பிப் பார்த்தார், டாக்டர் தலையாட்டினார். அதற்குப் பிறகுதான் அவர் தரையில் நன்றாக உட்கார்ந்தார். "வலிக்கட்டும்" என்றார். பிறகு, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி, மறுபடியும் சொன்னார். "நல்லா வலிக்கட்டும்."